பில்லி ஸ்பேனர் எங்களுக்குச் சொந்தமில்லை

விருதுநகர் பருப்பு மண்டி சீனிவாசகம் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, வருங்காலச் சம்பந்தி சிவகாசி அச்சாபீஸ் ராஜபாண்டியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பொன்னுத்தங்கமும் மகள் பிரீத்திகாவும் சுகம். பங்காளிகள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நீங்கள் போனை எடுக்காததால் அதைத் தெரிவிக்கவே இந்தக் கூரியர்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை, "எழவு வீடு, பதினாறு கழிச்சுப் பாத்துக்கிடலாம்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். பதினாறு கழிந்தால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் மாப்பிள்ளை மகேஷ்குமார் மஸ்கட் போய்விடுவார், திரும்பி வர இரண்டு வருஷம். பிரீத்திகா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சோறு வேண்டுமா என்பதைக்கூட அவள் அம்மாவை விட்டுத்தான் கேட்கிறாள். ஆகவே உங்கள் மண்டிச் சுவரில் நீங்கள் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காதில் ஊக்கு குத்தி, தலையின் நடுவில் மட்டும் சேவல் கொண்டை மாதிரி முடியை நிறுத்தி, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிற அந்த மனிதர் என் பங்காளி அல்ல. பெயர் பில்லி ஸ்பேனர். இங்கிலாந்துக்காரர். பங்க் பாட்டுக்காரர், அதாவது கிட்டாரைப் போட்டு அடித்துக்கொண்டே கத்துகிறவர். எனக்குப் பதினாறு வயதில், பேப்பர் மில்லுக்கு வந்த வெளிநாட்டு வேஸ்ட் பேப்பர் லோடில் அவருடைய கேசட் ஒன்றும், சக்கரம் வைத்த பலகையில் பையன்கள் பறக்கிற புத்தகம் ஒன்றும் கிடைத்தன. நானும் என் கூட்டாளி பெத்தணனும் எங்கள் அப்பாவின் அச்சாபீசில் பேப்பர் கட்டுகளைத் தள்ளுகிற வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, பிளைவுட் பலகையில் அடித்து, வெம்பக்கோட்டை அணைக்கரைச் சரிவில் ஏறி நின்றோம். என் முன்பல் இரண்டும் பொய்ப்பல் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்று சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அப்பாவை எதிர்த்து வாய் திறக்க முடியாத வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த மனுஷர் எனக்கும் சேர்த்துக் கத்தினார். ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான் உறவு.

போன செவ்வாய்க்கிழமை அவர் காலமான செய்தியைப் போனில் பார்த்தேன். காலண்டர் ஆர்டர்கள் தலைக்கு மேல் கிடந்தும் மெஷினை நிறுத்தி, என் பெயரைக் கீழே போட்டு ஐம்பது அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சொன்னேன். அதுவரை என் தப்பு. எங்கள் தொழிலில் அஞ்சலி போஸ்டரை யாரும் புதிதாகச் செய்வதில்லை. பழையதைத் திறந்து படத்தையும் பெயரையும் மாற்றுவதுதான் வழக்கம். கம்ப்யூட்டர் பார்க்கிற செல்வலட்சுமி, முதலாளி பெயர் வருகிறதே என்று, இரண்டு வருஷத்துக்கு முன் என் சித்தப்பா தவறியபோது அடித்ததைத் திறந்து மாற்றியிருக்கிறாள். அதனால் "அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் இல்லத்திலிருந்து புறப்படும்" என்ற வரியும், ஆறாத் துயரில் வாடும் பங்காளிகள் பதினோரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். போஸ்டர் ஒட்டுகிற காண்ட்ராக்ட் இப்போது பெத்தணனுடையது. அவன் எதையும் படிக்காமல், அழுதுகொண்டே விருதுநகர் வரை ஒட்டிக்கொண்டு போய்விட்டான்.

முதலில் வந்தது ஐஸ் பெட்டி. "பாடிய எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டவரிடம் பொன்னுத்தங்கம், "இங்கன யாருமே சாகலய்யா" என்றாள். அவர் போனில் போஸ்டரைக் காட்டினார். பெட்டி போவதற்குள் மாலைகளோடு நாற்பது பேர் வந்துவிட்டார்கள், அவர்களுக்குக் காப்பி போடுவதற்குள் நாரணாபுரத்துப் பெரியம்மா பாண்டிமீனா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, "ஏ ராசா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரடித்துக்கொண்டு வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, "ஏலே, போனது யாருலே?" என்றார்.

"பில்லி ஸ்பேனர், பெரியம்மா."

"லேத் பட்டறை வச்சிருந்தானே, அவனா?"

"இல்ல பெரியம்மா. வெளிநாடு."

"எங்கன இருந்தா என்னலே, நமக்கு என்ன மொற?"

நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன் அண்ணாச்சி? "அண்ணன் மாதிரி" என்றேன். "மாதிரி என்னலே மாதிரி, அண்ணன்னா பதினாறு நாள் தீட்டுல்லா" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்புத்தான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவருக்கு என் பெயர் தெரியாது, சிவகாசி தெரியாது. நான் செத்திருந்தால் அவர் ஒரு போஸ்டர்கூட அடித்திருக்க மாட்டார். அந்தப் போஸ்டர்கள் மேலெல்லாம் பெத்தணன் காதுகுத்துப் போஸ்டர் ஒட்டிவிட்டான். சொந்தமில்லாத இடத்தில் தீட்டும் இல்லை. இங்கே யாருக்கும் எந்தத் துக்கமும் இல்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு தட்டு எடுத்து வந்து, என் மகளை என்னோடு பேசவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மதினிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. எல்லோருக்கும் பராசக்தி மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
ராஜபாண்டியன்

பின்குறிப்பு: கூரியருக்குப் போகிற வழியில் நிச்சயதார்த்தத்துக்காக முடி வெட்டப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன தோன்றியதோ, இரண்டு பக்கமும் மழித்துவிட்டு நடுவில் மட்டும் விடச் சொன்னேன், ஸ்பேனர் மாதிரி. கடைக்காரர் அய்யாதுரை இரண்டு பக்கமும் மழித்து முடித்துவிட்டு, "மொதலாளி, ஒங்களுக்கு நடுவுலதான முடியே கெடையாது" என்றார். அப்புறம் என்ன, மிச்சத்தையும் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தலைப்பாகை கட்டிக்கொள்கிறேன். யாருக்கு மொட்டை என்று மட்டும் சபையில் யாரும் கேட்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் அண்ணாச்சி. கேட்டால், அண்ணனுக்கு என்று சொல்லிவிடுவேன்.