பாடி கட்டாத வேன்

முடிவெடுக்கத் தெரியாதவர்கள் வழக்கமாக ஓரிடத்தில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவெடுக்காமலே மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் போனவர் பூலோகத்தில் ஒருவர்தான். கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த சேஸ் அண்ணாச்சி. அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த காலம் முழுக்க அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். தந்தி ஆபீஸ் வேலைக்காக அந்த ஊருக்குப் போனவன். போய்ச் சேர்ந்த வாரமே அவரிடம் மாடியைக் கேட்டேன். "மாடிய வாடகைக்கு விடுததா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல தம்பி. அதுவரைக்கும் நீங்க இருங்க" என்றார். அந்த முடிவு வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

எதிலும் இப்படித்தான். டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்டால், "ஒமக்கு எது போட சௌரியம்?" என்பார். மீசை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று சலூன் நாற்காலியில் பாதியில் சந்தேகம் வந்து, ஒரு வாரம் ஒரு பக்க மீசையோடு யாவாரம் பார்த்திருக்கிறார். பெற்றது ஐந்து பெண்கள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு பெயர், ஒன்று அவர் குலசாமி, ஒன்று மாமனார் குலசாமி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பத்துப் பேருக்கு இலை போட வேண்டும் போலிருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வண்டி வாங்கினார்.

அந்தக் காலத்தில் வேனோ லாரியோ வாங்குகிறவர்கள் முழு வண்டியாக வாங்குவது குறைவு. எஞ்சின், நாலு சக்கரம், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், ஒரு ஸ்டியரிங். இவ்வளவுதான் கம்பெனி தரும். இதற்குப் பெயர் சேஸ். அதை ஓட்டிவந்து ஆசாரியிடம் விட்டால், மரமும் தகரமும் வைத்து மேலே பாடி கட்டித் தருவார். சரக்கு ஏற்ற வேண்டுமானால் தொட்டி. ஆள் ஏற்ற வேண்டுமானால் கூரையும் சீட்டும். எதுவென்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அண்ணாச்சியிடம் இல்லை.

சீட்டுக் கட்சிக்குத் தலைமை அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் வாதத்தில் சரித்திர நியாயம் இருந்தது.

"கலியாணத்தன்னைக்கு என்னைய லாரியில கூட்டியாந்தாவ தம்பி. முன்னால டிரைவர் பக்கத்துல மாப்பிள்ளை. பின்னால பருத்திப் பொதி மேல நான். எங்க மாமியா வாசல்ல நின்னு என் தலையப் பாத்தா. தலை பூராவும் பஞ்சு. 'ஏலே, எந்தக் கிழவியக் கட்டிக் கூட்டியாந்திருக்க?'ன்னு கேட்டா. அன்னையிலருந்து எனக்கு மூட்டை மேலதான் சவாரி. பிள்ளைப் பேறுக்குப் போனதும் மல்லி மூட்டை மேலதான். இனிமே சீட்டு இல்லாத வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்."

தொட்டிக் கட்சி மதினியின் கூடப்பிறந்த தம்பி சங்கரபாண்டி. மண்டியில் பங்குதாரர். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

"அத்தான், புதூர்க் களத்துல வத்தல் காஞ்சி கெடக்கு. நாம வாடகை லாரிக்குக் காத்துக் கெடக்கோம். ஒரு மழை புடிச்சா அம்புட்டும் கறுத்துப் போவும். தொட்டி கட்டுனா மண்டி பொழைக்கும். சீட்டு கட்டுனா, எல்லாரும் வரிசையா உக்காந்து மண்டிய இழுத்து மூடுததப் பாக்கலாம்."

அண்ணாச்சி இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "அப்படியே செஞ்சிருவோம்." சொன்னது பொய்யாகாமல் இருக்க ஒரே வழி, பாடியே கட்டாமல் இருப்பது. வெறும் சேஸைப் பார்த்தால் மதினி கண்ணுக்குச் சீட்டு தெரியும், சங்கரபாண்டி கண்ணுக்குத் தொட்டி தெரியும். சண்டைக்கு வழியில்லை.

அதனால் சட்டத்தின் மேல் ஒரு பலகையைக் கட்டி, வத்தல் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, தலையில் துண்டும் கண்ணில் வெயில் கண்ணாடியுமாக அண்ணாச்சி அந்த எலும்புக்கூட்டிலேயே ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். மண்டிக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். எட்ட இருந்து பார்த்தால் ஓர் ஆள் அந்தரத்தில் உட்கார்ந்து வேகமாக வருவதுபோல் இருக்கும். ஒருமுறை புதூர்ச் சாலையில் ஓர் ஆட்டு மந்தை எதிரே வந்தது. இவர் நிறுத்தினார். ஆடுகள் ஒதுங்கவில்லை. வண்டிக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டன. ஒரு கிடா மட்டும் பலகையில் ஏறி இவர் பக்கத்தில் நின்றுகொண்டது. அதை இறக்குவதா கூட்டிக்கொண்டு போவதா என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரக் கீதாரி வந்து இறக்கிவிட்டார்.

கயத்தாறில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யோவ், வண்டி எங்கய்யா?"

"பின்னால வந்துக்கிட்டிருக்கு, ஐயா" என்றார் அண்ணாச்சி. அந்தப் போலீஸ்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம்.

கரிசல் காட்டில் மழை எப்போதாவதுதான். வந்தால் மண் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். அப்படி ஒரு மழையில் புதூரிலிருந்து திரும்பினார். மட்கார்டு இல்லாத சக்கரம் வழியிலிருந்த சேற்றையெல்லாம் வாரி அவர் மேல் பூசியிருந்தது. வாசலில் வந்து நின்ற கறுப்பு உருவத்தைப் பார்த்து மதினி மரியாதையாகச் சொன்னார்: "அவிய மண்டியில இருக்காவ. அங்கன போய்ப் பாருங்க."

அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். சரி என்று மண்டிக்குப் போய்விட்டார்.

பாடி கட்ட ஒப்புக்கொண்டவர் மரியதாஸ் ஆசாரி. பட்டறை வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே வண்டியை வரைந்து காட்டுவார். காலையில் அண்ணாச்சி வந்து சீட்டு என்பார், ஆசாரி நாலு வரிசை வரைவார். சாயங்காலம் வந்து தொட்டி என்பார், ஆசாரி காலால் அழித்துவிட்டு மறுபடி வரைவார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஆண்டவரு ஆறு நாள்ல உலகத்தையே படைச்சி முடிச்சிட்டாரு. ஒங்க வண்டி ஆறு மாசமா இங்கன தரையிலதான் கெடக்கு."

"அவருக்கு மச்சினன் கெடையாதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

இப்படியே அவர் காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் மூத்த பெண் ஜெயாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை திருநெல்வேலியில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம், கை நழுவவிடக் கூடாத இடம். அவர்கள் ரயிலில் வந்து இறங்கும்போது நம் வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். எலும்புக்கூட்டில் சம்பந்தியை ஏற்ற முடியாது. அண்ணாச்சி ஆசாரியிடம் ஓடினார். ஓடியவர் அப்போதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொன்னார்.

தொட்டி. ஆனால் இரண்டு பக்கமும் மடக்குப் பெஞ்சு. மேலே தார்ப்பாய். ஆறு நாள் மூட்டை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். மதினியும் சங்கரபாண்டியும் ஒரே நேரத்தில் சிரித்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஆறப் போட்டா எல்லாம் சரியா வரும், பாத்தீயளா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சனிக்கிழமை வரை அந்த வண்டி வத்தல் ஏற்றியது.

சும்மா பெருக்கினால் போதும், தண்ணீர் படக் கூடாது என்றார் சங்கரபாண்டி. கழுவித்தான் ஆக வேண்டும் என்றார் மதினி. அண்ணாச்சி ஒரு பக்கத்துப் பெஞ்சைக் கழுவினார், மறு பக்கத்துப் பெஞ்சைப் பெருக்கினார். நனைந்த வத்தல் தூளின் நெடி தனி, காய்ந்த தூளின் நெடி தனி. போதாததற்கு, சம்பந்தி மேல் தூசி படக் கூடாதென்று தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து வீடு கூப்பிடு தூரம். அதற்குள் வண்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தெருவே வெளியே வந்தது. தார்ப்பாயை அவிழ்த்ததும் பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு குடும்பம் கண்ணில் நீர் வழிய இறங்கியது. அழுதுகொண்டே பெண் பார்க்க வந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

கூடத்தில் உட்கார்ந்த பிறகும் தும்மல் நிற்கவில்லை. மண்டி வீட்டில் பிறந்த ஜெயாவுக்கு அந்த நெடி உறைக்கவே இல்லை. காப்பித் தட்டோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்..."

ஒரு தும்மல்.

மாப்பிள்ளையின் பெரியம்மா கையை நீட்டித் தடுத்தார். "ஒத்தத் தும்மல் ஆவாது. தண்ணி குடிச்சிட்டு மறுபடி சொல்லுங்க."

குடித்தார். சொன்னார். இந்தமுறை இரண்டு. பெரியம்மா முகம் மலர்ந்தது. "ரெட்டைத் தும்மல் நல்லது." மலர்ந்து முடிவதற்குள் மாப்பிள்ளை ஒன்று தும்மினார். அதைச் சேர்த்து எண்ணுவதா, தனியாக எண்ணுவதா என்று ஒரு சர்ச்சை. அதைத் தீர்க்க வாயைத் திறந்த பெரியம்மாவே தும்மிவிட்டார். கணக்குப் போய்விட்டது. எல்லோரும் எல்லோர் மூக்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த நேரம் பார்த்து அண்ணாச்சி எழுந்து, "காப்பி ஆறிப்போச்சு. வேற காப்பி கொண்டுவரவா, சோடா கலர் வாங்கிட்டு வரவா?" என்றார்.

"ஊருக்குப் போயிச் சொல்லியனுப்புதோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். வண்டியில் ஏறச் சொன்னதற்கு ஒரே குரலாக நடந்தே போகிறோம் என்றார்கள். வெயிலில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று மதினி யாரோடும் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் வீடு நன்றாக இருந்திருக்கும். ஜெயாவின் சிரிப்பும் நின்றிருந்தது. அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் அண்ணாச்சி போய் நின்றார். "ஏட்டி" என்றார். பிறகு அப்படியே திரும்பி வந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போய் ஆசாரியிடம் ஒரே வார்த்தை சொன்னாராம்.

"கழத்தும்."

அவர் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சாயங்காலம் வண்டி பழையபடி எலும்பும் சக்கரமுமாக வாசலில் நின்றது. பெஞ்சுப் பலகைகளைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே ஆபீசில் என் கைக்கு ஒரு தந்தி வந்தது. அண்ணாச்சி வீட்டு விலாசத்துக்கு. நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று இருந்த காலம். என்னையும் காகிதத்தையும் பார்த்ததும் மதினி நெஞ்சில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். சத்தமாகப் படித்தேன்.

"பெண் சம்மதம். வண்டி அனுப்ப வேண்டாம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஜெயாவாகத்தான் இருக்க வேண்டும். மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்து முடித்து, வாசலில் நின்ற சேஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து இறங்கிப் போனார்.

"வண்டிய எடுங்க. ஆசாரிட்ட நானே சொல்லுதேன்."

"இதுலயா?" என்றார் அண்ணாச்சி. "ஊரு பாக்குமே."

"பாக்கட்டும்."

அண்ணாச்சி உள்ளே ஓடி, மண்டி முதலாளிகள் சாய்ந்து உட்காருகிற வெல்வெட் திண்டை எடுத்து வந்தார். அதைப் பலகையில் தன் இடப்பக்கம் வைத்து, வத்தல் மூட்டை கட்டுகிற கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மதினி ஒரு கையால் திண்டையும் மறுகையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எனக்கு மட்டும் பின்னால் சட்டத்தின் மேல்தான் இடம்.

பட்டறையில் மரியதாஸ் ஆசாரி சுண்ணாம்புக் கட்டியோடு தரையில் உட்கார்ந்தார். "சொல்லுங்க தாயி. எத்தன வரிசை சீட்டு?"

"தொட்டி கட்டுங்க" என்றார் மதினி.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சிக்கு வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது.

"மூத்தவ திருநெல்வேலிக்குப் போறா. மத்த நாலும் நாளைக்கு ஆளுக்கொரு ஊருக்குப் போயிரும். அதுக்கப்புறம் நாலு வரிசை சீட்டுல யாரு உக்காரப் போறா? பின்னால பூராவும் தொட்டிதான், மூட்டை ஏத்தட்டும். முன்னால மட்டும் மெத்தை போட்டு ரெண்டு சீட்டு வைங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கலியாணத்தன்னைக்கே நான் முன்னால உக்காந்து வந்திருக்கணும்."

அண்ணாச்சி ஆசாரியின் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, குனிந்து, இரண்டு சதுரம் அவரே வரைந்தார். இடது பக்கத்துச் சதுரம் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

எனக்கு மாற்றல் வந்த நாளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வண்டி புதூரிலிருந்து வருவதைப் பார்த்தேன். பின்னால் மலைபோல் வத்தல் மூட்டை. முன்னால் மதினி, தலை கலையாமல், மடியில் கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கையைக் காட்டியதை அண்ணாச்சி கவனிக்கவில்லை. வெறும் சேஸில் நாற்பது மைல் வேகத்தில் பறந்த அந்த நல்ல மனிதர், பின்னால் மாட்டுவண்டிக்காரர்கள் வழிவிடச் சொல்லிக் கத்தக் கத்த, அவ்வளவு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.