வேகம் கூட்டிய மாடிப்படி

பாசத்துக்குரிய தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் இரண்டு முழங்கால்களும் நலம். அங்கு நீயும், உன் மனைவியும், என்மேல் உனக்கிருக்கும் சந்தேகமும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீ போனில் "எப்பக்கா கிளம்பி வர்றே?" என்று கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நடுவில் உனக்கு இருமல் வந்துவிட்டது. அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா? ஆகவே எழுத்திலேயே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். இந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டு நான் வரமாட்டேன். ஒரு படிகூட இறங்கி வேறு வீட்டுக்குப் போகமாட்டேன்.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது யார்? நீதான். "அஞ்சு நிமிஷத்துல மூணு மாடி ஏறிக் காட்டுக்கா, அப்புறம் நான் வாயே திறக்கல. இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு" என்றாய். திரையில் டைமர் ஓட வேண்டும் என்று வேறு நிபந்தனை. ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் ஊதி ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்ற விளையாட்டு டீச்சரிடம் இதைச் சொல்ல உனக்கு என்ன துணிச்சல்!

சரி, பார்த்துவிடலாம் என்று எதிர்வீட்டு வங்கிக்காரர் கையில் என் போனைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டே பின்னால் வரச் சொன்னேன். முதல் மாடியில் தையல்காரம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார், மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், அதைக் கேட்காமல் ஏறினால் நான் என்ன மனுஷி, இரண்டாம் மாடியில் நர்ஸம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்தேன், அவர் மருமகன் விஷயம் சுருக்கமாக முடிகிற விஷயம் இல்லை, வங்கிக்காரருக்குக் கை வலித்து அவரும் உட்கார்ந்துவிட்டதால் கொஞ்ச நேரம் படத்தில் வெறும் கூரைதான் தெரியும். என் வாசலைத் தொட்டபோது பதினாலு நிமிடம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டுகிற அந்த மென்பொருளை எனக்குப் போட்டுக்கொடுத்ததும் நீதான், மறந்துவிடாதே. படத்தைத் தொட்டு, வேகம் நூறு என்று இருந்ததை முந்நூறு ஆக்கினேன். பதினாலு நிமிடம் சமர்த்தாக ஐந்துக்குள் சுருங்கி உட்கார்ந்தது. அதன்மேல் டைமரை வைத்தேன். அந்த டைமர் ஒரு நொடிகூடப் பொய் சொல்லவில்லை, அதன் வேகத்தில்தான் ஓடியது. தாறுமாறாக ஓடியது நான்தான். சத்தத்தை எடுத்துவிட்டேன், எல்லோரும் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டார்கள்.

நீ பார்த்துவிட்டு, "என்னக்கா, படியில ஒரு பூனை கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குது?" என்றாய். பூனை என்றால் இறங்கத்தான் செய்யும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, உட்கார்ந்து திருத்தினேன். பூனையும் மனிதர்களும் வருகிற இடங்களைப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்து, நான் தனியாக ஏறுகிற இடங்களில் மட்டும் வேகத்தைக் கூட்டினேன். பார்த்தால், ஒவ்வொரு கதவின் முன்னாலும் நிதானமாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த கதவுக்குப் பேய் துரத்தினாற்போல் பறக்கிறேன். டைமரோ பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் ஏறிய துண்டுகளை மட்டும் பழைய வேகத்தில் சேர்த்துப் பார்த்தேன். உன் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது! மீதியெல்லாம் மனிதர்கள். உன் அத்தான் போன பிறகு, கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் என்னோடு பேச ஆளில்லை. எனக்குப் பேச்சு என்பதே படிக்கட்டில்தான். உன் வீட்டில் படியே கிடையாது. காலையில் நீயும் அவளும் வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அங்கே என் பகல் பொழுதை எத்தனை மடங்கு வேகத்தில் வைத்தாலும் நகராது. எனக்குப் பயமாக இருக்கிறதடா. அதனால்தான் வரமாட்டேன் என்கிறேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். உங்கள் முழங்கால்கள் நீடூழி வாழட்டும். அவற்றுக்கும் ஒரு நாள் வரும். அன்று வீடியோ எடுக்க நானே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
இறங்காத அக்கா

பி.கு.: தபால்தலை ஒட்டாமல் இதைப் போடக் கீழே போய்விட்டேன். தபால்தலை எடுக்கத் திரும்பும்போது உன் வாயை அடைக்கவேண்டும் என்று ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, எங்கும் நிற்காமல் ஏறினேன். "என்ன டீச்சர், கூப்பிடக் கூப்பிடப் போறீங்க?" என்று தையல்காரம்மா கேட்டதற்குக்கூட நிற்கவில்லை. இரண்டாம் மாடி வருவதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. இதை நர்ஸம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டேன், அது இன்னும் ஓடுகிறது. நின்று நின்று ஏறியதால்தான் இத்தனை நாள் ஏறியிருக்கிறேன் என்கிறார் நர்ஸம்மா. தரைத்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய மூலை வீடு காலியாக இருக்கிறது. வங்கிக்காரர் பேசி முடித்துவிட்டார். நீ ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களோடு வந்து என் பீரோவைக் கீழே இறக்கிக் கொடு. அதற்காக நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. இனி இந்தக் கட்டடத்தில் யார் ஏறினாலும் என் வாசலைத் தாண்டித்தான் ஏறவேண்டும். நிற்காமல் யார் போகிறார்கள் என்று பார்க்கிறேன். என் விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.