மழை வரட்டும், பார்க்கலாம்

"நான் படிக்கப் போறேம்ப்பா. அந்தக் கட்டடத்த வெலைக்கு வாங்கப் போறதில்ல."

"அதோட கூரைக்குக் கீழதான படுப்ப? மழையில பாக்காத கூரைக்குக் கீழ எம் பொண்ணு படுக்கமாட்டா."

ஒழுகல்காரர் வீட்டில் காலையில் தொடங்கிய சண்டை இது. மதியம் ஆகியும் ஓயவில்லை. ஜன்னல்கள் திறந்தே இருந்ததால் ஒட்டுக்கேட்கும் சிரமம் தெருவில் யாருக்கும் ஏற்படவில்லை.

ஒழுகல்காரர் என்பது தெரு வைத்த பெயர். மொட்டைமாடி விரிசல்களைத் தேடிப்பிடித்து அடைப்பது அவர் தொழில். அது மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதில், எதையும் அதன் மோசமான பருவத்தில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். வாடகைக்கு எடுத்த வீட்டை அடைமழையில் பார்த்தார். ஸ்கூட்டரைக் குளிர்கால விடியலில் உதைத்துப் பார்த்து வாங்கினார். பெண் பார்க்கப் போனதும் உச்சி வெயிலில்தான். வெயிலிலேயே எரிந்து விழாதவள் வேறு எப்போது விழப்போகிறாள் என்று கணக்கு. அந்த ஒரு கணக்கு தப்பிப்போனதை அவரே ஒப்புக்கொள்வார், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருந்தது. காலாகாலத்தில் போய்ச் சேராவிட்டால் அது வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். ஒரே பிள்ளை. அவள் பெட்டியோடு வாசல் தாண்டுவதை அப்பனால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல்தான் மனிதர் கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மனைவி கரண்டியோடு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னாள். வெயிலும் மோசமான பருவம்தானே, இப்போதே போய்ப் பார்த்துத் தொலைக்கலாம்.

மூவரும் போனார்கள். வளாகத்தில் கோடை விடுமுறை. ஹாஸ்டல் பூட்டு, மின்விசிறிக்கு ஓய்வு, குழாயில் காற்று. வாயில்காவலர் ஒருவர் மட்டும் சாவிக்கொத்தோடு கூடவே நடந்தார். ஒழுகல்காரர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன.

"ஒரு குறையும் கண்ணுல படலன்னா, குறை எங்கயோ பதுங்கியிருக்குன்னு அர்த்தம்," என்றார். "மழை வரட்டும், பார்க்கலாம்."

மகள் அன்று கதவை அறைந்து சாத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஒழுகல்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. மறுநாளே அலுவலகத்தில் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, வகுப்பு தொடங்கும் நாள் வரை அவகாசம் வாங்கி வந்தார். மகள் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

முதல் மழைக்கே மூவரும் மறுபடி பஸ் ஏறினார்கள். வாசலில் கணுக்காலளவு தண்ணீர். மேல்மாடி அறையொன்றில் ஒரு கட்டிலின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. புதையலைக் கண்டவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தாச்சில்ல? இப்பச் சேர்ந்துடட்டுமா?" என்றாள் மகள்.

"ஒழுகற எடத்துல எப்படிம்மா சேர்க்கறது? அடைச்சிட்டு வந்துடறேன்."

அவர் மாடிக்கு ஏறினார். தாயும் மகளும் வாயில்காவலரின் கூண்டுக்குள் ஒதுங்கினார்கள்.

விரிசலை அடைத்தார். கட்டில் தப்பித்தது. அந்தத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய் வார்டனம்மாவின் அறையில் இறங்கியது. பதறிப்போய் அதையும் அடைத்தார். வார்டனம்மா தப்பித்தார், நூலகம் மாட்டிக்கொண்டது. தாயையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு ஒழுகல்காரர் அங்கேயே தங்கி நூலகத்தை அடைத்தார். பரிசோதனைக்கூடத்தில் ஒரு பேராசிரியர் குடைபிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வதாகத் தகவல் வந்தது.

வார்டனம்மா அதிகம் பேசாதவர். "நீங்க வர்றதுக்கு முன்னால ஒரே ஒரு கட்டில்தாங்க நனைஞ்சுது," என்று மட்டும் சொன்னார்.

நிர்வாகம் கூடிப் பேசியது. தண்ணீர் இப்போது எந்த வழியாக எங்கே போகிறது என்பது இந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும், இவரை வெளியே விடுவது ஆபத்து என்று முடிவாயிற்று. அவருக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைத்தது. குடியிருக்க வளாகத்துக்குள்ளேயே ஒரு வீடும்.

ஒழுகல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே பெண்கள் ஹாஸ்டல். மகள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, எல்லாம் எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஊருக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். மகள் விறுவிறுவென்று கொல்லைப்புறம் போனாள். சந்தோஷக் கண்ணீரை மறைக்கப் போகிறாள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். மனைவி அந்த வீட்டுச் சமையலறையில் அலமாரி இருக்கிறதா என்று கேட்டாள்.

வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். வகுப்பு தொடங்கும்வரை சித்தி வீட்டில் இருந்துவிட்டு, அன்று நேராக வந்துவிடுவதாக மகள் சொன்னாள். மகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு மெதுவாக வருவதாக மனைவி சொன்னாள். தெருவே நின்று வழியனுப்ப, ஒழுகல்காரர் சாமான்களோடு வண்டியேறிப் போனார்.

வகுப்பு தொடங்கும் நாளும் வந்தது. தேய்த்த சட்டையும் கையில் குடையுமாக விடிந்ததிலிருந்து அவர் பெரிய வாசலில் நின்றார். பெட்டிகளோடு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்குப் பஸ் எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்தது. மதியத்துக்கு மேல் வாசலில் கூட்டம் வடிந்தது. மனைவி மட்டும் ஒரு கைப்பையோடு இறங்கி, அவர் பக்கம் திரும்பாமல், வீடு எந்தப் பக்கம் என்று வாயில்காவலரிடம் விசாரித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

வாயில்காவலருக்கு மனசு கேட்கவில்லை. கூண்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"உக்காருங்க சார், பொண்ணு நேத்தே ரயிலேறிப் போயிருச்சுன்னு அம்மா இப்பத்தான் சொன்னாங்க. அன்னிக்கு நீங்க மாடியில இருந்தப்பவே எங்கிட்ட சொல்லுச்சு: 'எங்கப்பா ஏதாவது ஒரு யுனிவர்சிட்டியக் கொடைஞ்சு பாக்காம ஓயமாட்டாருண்ணே. அதான் அவரு பாக்கறதுக்கு இதக் குடுத்துட்டு, நான் படிக்கறதுக்கு வேற எடத்துல சேர்ந்துட்டேன்.'"