அசல் யாரிடம் இருக்க வேண்டும்

மதிப்புக்குரிய மைத்துனர், வழக்கறிஞர் அவர்களுக்கு,

இங்கு தங்கள் அக்காவைத் தவிர யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். தங்கள் இல்லத்தார் நலமும் கட்சிக்காரர்கள் நலமும் அறிய ஆவல். இனி 'தாங்கள்' போதும், எனக்கு அவசரம்.

உன் அக்காவுக்கு இடுப்பு எலும்பில் கம்பி வைத்துப் பதினொரு நாளாகிறது. சாதாரண மாத்திரைக்கெல்லாம் வலி அசைந்து கொடுக்கவில்லை என்று நேற்று முன்தினம் எலும்பு டாக்டர் மார்ஃபின் எழுதித் தந்தார். அது இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு மருந்துக்கடையில், பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி அந்தக் கடைக்கார அம்மாளின் கழுத்தில் தொங்குகிறது. சீட்டை நீட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தவர், மாத்திரை எத்தனை என்று எண்ணால் மட்டும் போட்டால் செல்லாது, எழுத்தாலும் இருக்க வேண்டும், இந்த மருந்துக்கு அதுதான் சட்டம் என்று திருப்பித் தந்துவிட்டார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நகல் எழுத்தராக உட்கார்ந்து, இதே காரணத்தைச் சொல்லி ஊரையே திருப்பி அனுப்பியவன் நான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான்.

இது ஒரு குறையா என்று கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, '14' என்பதன் பக்கத்தில் 'பதினான்கு மட்டும்' என்று முத்து முத்தாக எழுதி, பின்னால் வேறெதுவும் சேர்க்க முடியாதபடி ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். இது டாக்டர் கை இல்லையே என்றார். என் கைதான் என்று பெருமையாகச் சொன்னேன். "ஐயா, இதுக்குப் பேரு திருத்தம். நான் இப்ப போலீஸைக் கூப்பிடணும். வயசானவரா இருக்கீங்க, பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார்.

மறுபடி டாக்டரிடம் ஓடினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அதன்பின் ஒரு திட்டு. ஆனால் புதுச் சீட்டு எழுதினார் பார், அவளுடைய பெயர், விலாசம், எண்ணாலும் எழுத்தாலும் எண்ணிக்கை, தேதி, பதிவு எண், மையில் கையெழுத்து என்று அப்பழுக்கில்லாத ஆவணம். அப்படிப்பட்டதைத் தெருவில் எடுத்துக்கொண்டு அலைவார்களா? வீட்டுக்கு வந்து நிதானமாக ஒரு பிரதி எழுதி, அடியில் 'உண்மை நகல்' என்று கையெழுத்திட்டு, அசலைக் கோப்பில் போட்டு பீரோவைப் பூட்டிவிட்டு, நகலோடு கடைக்குப் போனேன்.

அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். அசல் வேண்டுமாம், அதுவும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம். அசலைக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நான் எதைக் காட்டுவது? ஆகவே நீ உடனே அந்தக் கடைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். காரமாக இருக்கட்டும்.

சீக்கிரம் அனுப்பு. இன்று காலை உன் அக்கா தலையணை உறையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும், உறை பிரிந்திருக்கிறது, தைக்கணும் என்றாள். என்னால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை, வெளியே போனாலும் இருக்க முடியவில்லை.

நீயும் உன் குடும்பமும் எலும்பு முறியாமல், கையெழுத்து மாறாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவள் கூப்பிட்டாள். எழுதியதைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "காகிதத்தைப் பத்திரமா வெச்சுட்டீங்க. என்னை எங்க வைக்கப் போறீங்க?" என்றாள். பீரோவைத் திறந்து அசலை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கொடுக்கும்போது விரல் விடவில்லை, அந்த அம்மாள் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. பதினான்கு மாத்திரையையும் என் கண்முன்னே எண்ணிக் கொடுத்து, 'வீட்டம்மாவை நல்லாப் பாத்துக்குங்க' என்றார். நல்ல மனுஷி. இப்போது உன் அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், குறட்டைகூட விடுகிறாள். நோட்டீஸ் கீட்டீஸ் எதுவும் வேண்டாம், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. தயங்காமல் கிழிக்கலாம். உனக்கு வந்திருப்பது நகல்தான். அசல் என் கோப்பில் இருக்கிறது.