இரண்டுக்கும் நாலுக்கும் ஒரு சுவிட்ச்

படித்தவன் பிழை விடுவதற்கு முன் அதற்கு ஒரு படம் கீறுவான். நானும் கீறினேன். கொப்பியின் நடுப்பக்கத்தில், சிவப்புப் பேனையாலும் நீலப் பேனையாலும், எங்கள் வேனில் நாலு சில்லையும் இழுக்க வைக்கும் சுவிட்ச் ஒன்றின் படம். இன்று பார்த்தாலும் அழகான படம்தான்.

நான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். வேன் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. சாதாரணமாக அதன் முன் சில்லுகள் மட்டும் இழுக்கும். அவை வழுக்கினால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பின் சில்லுகளையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும். எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது எல்லாம் அதன் விருப்பம். ஒருநாள் மருதமுனைக் கடற்கரையில் அது யோசித்து முடிப்பதற்குள் வேன் மணலில் அரையடி இறங்கிவிட்டது. ஒரு பெட்டி யோசிக்கும்வரை நான் காத்திருப்பதா? இனி நானே தீர்மானிப்பேன் என்று முடிவெடுத்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. (பதினாறில் வரவேண்டிய திமிர் சிலருக்குப் பிந்தி வரும்.)

கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றும் எனக்குத் தெரியாத மொழிகளில். கம்ப்யூட்டரிலிருந்து பின் அச்சுக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அதை நடுவில் விட்டால் பழையபடி கம்ப்யூட்டரின் ஆட்சி. ஒரு பக்கம் தட்டினால் மின்சாரம் நேராகப் போய் நாலு சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மற்றப் பக்கம் தட்டினால் மின்சாரமே போகாது. முன் சில்லு இரண்டும் மட்டும். ஒரு பக்கத்தில் '4' என்றும் மறுபக்கத்தில் '2' என்றும் ஸ்டிக்கர் ஒட்டினேன். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். வேலை முடிந்தது.

ஒரு மாதம் '2'இல் போட்டு ஊருக்குள் ஓடினேன். ஒழுங்கைகளில் வளைத்துத் திருப்பும்போதெல்லாம் வேன் முக்கி முக்கிக் குதித்தது.

"என்ன மகன், வேன் இருமுது?" என்றார் வாப்பா.

"புது டயர் வாப்பா. பழகணும்."

அந்த மாதக் கடைசியில் தம்பி அஸ்லமுக்குப் பொத்துவிலில் நிக்காஹ். பெண்ணின் பெயர் ஷப்னா. டெக்னிக்கல் கொலேஜில் படித்தவள் என்றார்கள். தையலாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். (கேட்டிருக்கலாம்.)

லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு முன் நிக்காஹ் முடிய வேண்டும் என்பது பெண் வீட்டாரின் ஒரே வேண்டுகோள். அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் தாண்டி நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையும் வாப்பாவும் என் வேனில். பெண் வீடு பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக இருநூறு யார் தூரம் உள்ளே இருந்தது. ஒழுங்கை முழுக்க மணல். மற்ற வாகனங்கள் எல்லாம் தார் வீதியிலேயே நின்றுவிட்டன. பெண்ணின் தாய்மாமா எங்களை வரவேற்க வந்தார்.

"மாப்பிள்ள இஞ்ச இறங்கட்டும். உள்ளுக்கு மணல். நடந்து போவம்."

"தேவல்ல மாமா. இது நாலு சில்லும் இழுக்கும். என்ட கையால சுவிச் போட்டிரிக்கன். வாசல்லயே இறக்கிறன்."

"மகன், நடந்தே போவமே" என்றார் வாப்பா.

எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக '4'ஐத் தட்டினேன். பிஸ்மி சொல்லி உள்ளே விட்டேன். நூற்றுத் தொண்ணூறு யார் தூரம் அருமையாகப் போனது. சரியாகப் பெண் வீட்டு வாசலுக்கு முன்னால், வரவேற்கக் கூடி நின்ற அத்தனை பேருக்கும் நேரே, வேன் மூக்குக் குத்தி இறங்கியது. நான் எக்ஸிலேட்டரை மிதித்தேன். மணல் வாரி எழும்பியது. சர்பத் தட்டுடன் நின்றவர் சர்பத்தைப் பார்த்தார். தள்ள வந்தவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். இன்னும் மிதித்தேன். வேன் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் புதைந்தது. மாப்பிள்ளை உள்ளே.

"நானா, பாங்கு சொல்லப் போறாங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டான் அஸ்லம். அவனுடைய குரல் அழும் குரலாக இருந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. என் தம்பியின் வாழ்க்கையில் ஒருமுறை வரும் நேரத்தை நான் மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் வீட்டின் பக்க யன்னல் திறந்தது. உள்ளே கல்யாண உடுப்பும் மருதாணிக் கையும்.

"மாமா, பின் சில்லு சுத்தவே இல்ல. முன் சில்லுதான் கிடங்கு தோண்டுது."

மாமா என்னிடம் திரும்பினார். "மகள் செல்லுறா, பின் சில்லு சுத்தல்லயாம்."

"சுத்தும் மாமா. சுவிச் நாலுலதான் இரிக்கி."

"திருப்பேக்குள்ள முக்கி முக்கி வருமா எண்டு கேளுங்க" என்றது யன்னல்.

நான் வாய் திறக்குமுன் வாப்பா திறந்தார். "ஓம் மகள்! ஒரு மாசமா இருமுது!"

"தார் ரோட்டுல நாலும் பூட்டினாத்தான் அப்பிடி முக்கும். அப்ப சுவிச்சத் தலகீழாப் பூட்டிரிக்காங்க. மத்தப் பக்கம் தட்டச் செல்லுங்க. டயர்ல கொஞ்சம் காத்தும் இறக்குங்க. எக்ஸிலேட்டர மிதிக்க வேணாம்."

மாமா காற்றை இறக்கினார். முன் சில்லடி மணலை நாலு பேர் வாரி எறிந்தார்கள். நான் '2'ஐத் தட்டினேன். மெதுவாகக் காலை வைத்தேன். வேன் ஒருமுறை முனகிவிட்டு, நாலு சில்லாலும் மணலைப் பிடித்து, சமர்த்தாக மேலே ஏறி வாசலில் நின்றது. "மாஷா அல்லாஹ்!" என்றார்கள் எல்லோரும். என்னைப் பார்த்து அல்ல, யன்னலைப் பார்த்து. நிக்காஹ் முடிந்து துஆ ஓதிக் கையை இறக்கும்போது பாங்கு கேட்டது.

ஒரு கிழமைக்குப் பிறகு அஸ்லமும் ஷப்னாவும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவள் வேனின் திறப்புச் சாவியைக் கேட்டாள். அவள் படித்தது வாகன மின்னியல். மாமாவின் கராஜில் வேலை செய்கிறாள் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"மச்சான், ஃபியூஸ் எங்க போட்டிரிக்கீங்க?"

"போடல்ல."

அவள் சிரிக்கவில்லை. உருகி ஒட்டிப்போயிருந்த வயரைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு எண்டு நினைச்சு ஒரு மாசமா நாலுலயே ஓடியிரிக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பத்தியிருக்கும்."

அந்த வேனில்தான் என் மகள் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

மூன்று மணித்தியாலம் அவள் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தாள். ரிலே, ஃபியூஸ், நாலு சில்லும் பூட்டியிருக்கும்போது எரிய ஒரு சின்னப் பச்சை விளக்கு. சுவிட்சை நேராக்கினாள். கறுப்பு டேப்பை உரித்து என் கையில் தந்தாள். பிறகு என் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "படம் சரி மச்சான். பூட்டினதுதான் பிழை" என்றாள். அந்த ஒரு வார்த்தையால் என் மானத்தில் பாதியைத் திருப்பித் தந்த அந்தப் பிள்ளையின் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. மாமாவின் கராஜில் அவள் வாகனத்தின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். இருபது வருடம் ஓட்டியவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

மற்றப் பாதி மானம் இன்னும் திரும்பவில்லை. நான் சந்தையில் மீன் தெரிந்தெடுத்தாலும், சட்டை எடுத்தாலும், அரசியல் கதைத்தாலும் வாப்பா ஒரே வசனம்தான் சொல்வார்: "மத்தப் பக்கம் தட்டு மகன்."

வீட்டோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி பத்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள். சமன்பாடு படிப்பிக்கிறவன், "இந்த உறுப்பை மற்றப் பக்கம் கொண்டு போங்கள்" என்று சொல்லாமல் எப்படிப் படிப்பிப்பது? சொன்னவுடன் முழு வகுப்பும் குனிந்துகொள்ளும். போன கிழமை பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் மிக மரியாதையாக எழும்பியது:

"சேர், டயர்ல காத்தும் இறக்கணுமா?"