எட்டுத் துண்டாக வந்த கம்ப்யூட்டர்

சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்ப்பது என்று நான் முடிவெடுத்தது, கம்பெனியில் மோட்டார்கூட என் பேச்சைக் கேட்காத ஒரு செவ்வாய்க்கிழமையில்.

என் பெயர் பாலுசாமி. வயது நாற்பத்தாறு. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்வதாகக் கம்பெனி ரெக்கார்டில் இருக்கிறது. அந்த ஆறு பேருக்கும் இந்த விஷயம் தெரியாது. குடியிருப்பது கணபதியில், வாடகை வீட்டில். மகள் பெருந்துறையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன பிறகு, என் மனைவி புவனா சொல்வதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. மகளுடைய பங்கையும் சேர்த்து நானே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். கவசம் போட்ட வீரன் ஒருவன் அதில் நின்றுகொண்டிருந்தான். பட்டனைத் தட்டினால் நடந்தான். இன்னொன்றைத் தட்டினால் குதித்தான். எதற்கு நடக்க வேண்டும், போன தடவை நடந்து என்ன கிழித்தோம் என்று ஒரு கேள்வி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உலகத்தில் நான் சொன்னால் கேட்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான். அவன் குடியிருக்க ஒரு கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான்.

புவனாவிடம் நேராகக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டேன்.

"ஏம் புவனா, ஊட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா நல்லாருக்குமில்ல?"

"எதுக்குங்க?"

"கரண்டு பில்லு கட்டலாம்."

"அதைத்தான் போன்லயே கட்டறமுங்களே."

"நாலு உலக விசயம் தெரிஞ்சுக்கலாம்."

"வாசிங் மிசின் வாங்கித் தாரேன்னு ஆறு வருசமாச் சொல்றீங்க. அந்த விசயத்தை மொதல்ல தெரிஞ்சுக்கோங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. புவனா என் கழுத்தை நெரிப்பதாக இருந்தாலும், "இப்ப நெரிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நெரிப்பாள்.

ஆகவே ரகசியமாகத்தான் முடிக்க வேண்டும் என்று ஆனது. தீபாவளி போனஸில் எட்டாயிரத்தைக் குறைத்துச் சொன்னேன். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம். வீட்டில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இனி ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரோணுமாம். கட்டாயமாம். காசு கெடையாதாம்" என்றேன்.

"பாவமுங்க நீங்க," என்றாள் புவனா. அவள் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டு எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

காந்திபுரத்தில் வம்சி என்பவர் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் ரிப்பேர், பழைய சாமான் வியாபாரம் எல்லாம் உண்டு. என் ஆசையை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் எட்டுச் சாமான் எழுதினார். கேபினெட், மதர்போர்டு, பிராசசர், ராம், டிஸ்க், பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர்.

"எல்லாம் புதுசுன்னா தொண்ணூறாயிரம் ஆகுமுங்க சார்."

"என்கிட்ட முப்பதுதாங்க. அதுவும் இன்னும் வரல. வாராவாரம் வரும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொந்தக்காரர்களைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார் வம்சி.

"ராம் விலையே தாறுமாறாப் போயிருச்சுங்க சார். அதுவும் ரெண்டா வாங்கிப் போடோணும். ஒண்ணை மட்டும் போட்டா நொண்டும்."

"ராமனுக்கு லட்சுமணன் மாதிரிங்களா?"

"ஆமாங்க. ஆனா லட்சுமணனுக்கும் அதே விலைங்க."

மனம் ஒடிந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அதற்குள் வம்சியே கூப்பிட்டார்.

"சார், ஒரு பார்ட்டி சிக்கியிருக்குதுங்க. நீங்க கேட்ட மாதிரியே நல்ல செட்டு, ஒரே ஆள் ஓட்டுனது. முப்பதாயிரம். உங்களால ஆகறப்ப ஒவ்வொண்ணாக் காசு குடுத்து எடுத்துக்கலாமாம்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான மனசா என்று நெகிழ்ந்துபோனேன். "கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க வம்சி," என்றேன்.

மறுநாள் பதில் வந்தது. "கேட்டனுங்க சார். பேரம் பேசுனா ஐநூறு ஏத்துவாங்களாம். இப்ப முப்பதாயிரத்து ஐநூறு."

இந்த மாதிரிப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

முதலில் கேபினெட் வாங்கினேன். பக்கவாட்டில் கண்ணாடி வைத்தது. துணி சுற்றி வண்டியில் கட்டி எடுத்துவந்தேன். பரண்மேல் கிரைண்டர் வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்குள் வைக்க ஏணியில் ஏறும்போது, கீழே புவனா நின்றாள்.

"ஏனுங்க, அது என்னங்க?"

"கம்பெனிப் பேனல் பெட்டிங்க." பயம் வந்தால் எனக்கும் 'ங்க' வந்துவிடும்.

"பேனலுக்குக் கண்ணாடி வெப்பாங்களா?"

"புது மாடலுங்க."

"பாத்து ஏறுங்க. ஒடைஞ்சு போகப் போகுது," என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அன்று முழுக்க எனக்கு வேதனையாக இருந்தது.

இப்படியே வாரம் ஒன்றாகச் சாமான்கள் பரணேறின. அதிசயம் என்னவென்றால், அதே சமயத்தில் வீடும் மேலே வர ஆரம்பித்தது. மதர்போர்டு வாங்கிய வாரம் புது மிக்சி வந்தது. ராம் வாங்கிய வாரம், மூன்று பர்னர் வைத்த கேஸ் அடுப்பு. கேட்டதற்கு, "தாஜுன்னிசாக்கா கூடச் சேந்து சின்னதா ஒரு சீட்டுங்க," என்றாள். தாஜுன்னிசா எங்கள் பக்கத்து வீடு. ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர். நான் கொண்டுவரும் சம்பளத்திலேயே இவ்வளவு சாமர்த்தியமாகக் குடும்பம் நடத்துகிறாளே என்று கம்பெனியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் நான் வண்டியை எடுக்கும்போது தாஜுன்னிசா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் கனமான ஒரு துணிப்பை.

"அண்ணா, காந்திபுரம் வழியாத்தான போறீங்க?"

பீளமேட்டுக்கும் காந்திபுரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பொம்பளைகள் கேட்டு நான் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"இந்த யூ.பி.எஸ்ஸை வம்சி கடையில குடுத்துருங்கண்ணா. ரிப்பேரு. பூப்போலக் கொண்டுபோங்க, குலுக்கீறாதீங்க."

என் சொந்தப் பெட்ரோலில், குண்டும் குழியுமான ரோட்டில், குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் வம்சி கூப்பிட்டார். "சார், உங்க யோகம், கிராபிக்ஸ் கார்டு வந்துருச்சுங்க." ஆறாயிரத்து ஐநூறு கொடுத்து வாங்கி, அதே ரோட்டில், அதே மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அமாவாசைக்கு மாசாணியம்மனைக் கும்பிட ஆனைமலைக்குப் போய்விட்டு, அப்படியே பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புவனா புறப்பட்டாள். அவள் பஸ் ஏறியதும் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். வம்சி மாட்டிக்கொடுக்க எண்ணூறு ரூபாய் கேட்டிருந்தார். அதை மிச்சம் பிடிக்க, போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். வீடியோவில் அந்தத் தம்பிக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. ஒரு ஸ்க்ரூ கூடுதலாக மிஞ்சியது. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷமாகப் பம்புக்கு வயர் மாட்டுகிறவன், ஒரு வயரை மாட்ட மறந்திருந்தேன். மாட்டினதும் ஃபேன் சுற்றியது. நீலமும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும்தான் பாக்கி. படம் தெரியாத அந்தப் பெட்டியை, தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமைக் காசில் மானிட்டரையும் எடுத்தேன். அதே வாரம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி. இனி அவளுக்கும் குறை இல்லை, எனக்கும் குறை இல்லை.

அடுத்த ஞாயிறு லீவு போட்டேன். ஹாலில் மேஜைமேல் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, பல நாள் ஒத்திகை பார்த்த பொய்யைச் சொன்னேன்.

"புவனா, பதினெட்டு வருச சர்வீசுக்குக் கம்பெனியில பரிசு குடுத்துருக்கறாங்க."

"அப்படிங்களா," என்றாள். "காசு இல்லாம ஞாயித்துக்கிழமையெல்லாம் ஒழைச்சதுக்கு இதாவது குடுத்தாங்களே. இருங்க, அக்காவையும் கூப்பிட்டுக்கறேன்."

தாஜுன்னிசா வந்தார். புவனா மானிட்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாக இருந்து, நீலமாகி, மெதுவாக வெளுத்தது. நடுவில் வட்டமாக ஒரு போட்டோ வந்தது. கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் என் மச்சினன். புவனாவின் கூடப்பிறந்த தம்பி. கீழே ஆங்கிலத்தில் பிரவின்குமார் என்று பெயர். அதற்கும் கீழே, பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம்.

புவனாதான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம பிரவின் எப்பங்க உங்க கம்பெனியில சேந்தான்?"

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பிரவின்குமார் தீபாவளி முடிந்ததும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன். உடனே எடுத்தான்.

"மாமா, கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுங்களா? உங்களுக்குன்னுதானுங்க குடுத்தேன். கெளம்பறப்பவே பார்சல்ல போட்டு, மாமாகிட்டக் குடுத்துருன்னு அக்காகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். பாஸ்வேர்டும் அக்காகிட்டத்தானுங்க இருக்குது. காசு கீசு குடுத்துராதீங்க, எனக்குக் கோவம் வந்துரும்."

வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மெதுவாக எல்லாம் விளங்கியது. பார்சல் வந்த அன்றே அதை விற்கச் சொல்லி வம்சியிடம் கேட்டிருக்கிறாள். அவர் விவரம் தெரியாமல், "பம்ப் கம்பெனி பாலுசாமின்னு ஒருத்தர் தேடறாருங்க மேடம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து என் கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டில், தையல் மெஷினுக்கு அடியில், எனக்காகக் காத்திருந்திருக்கிறது. பத்தடி தூரம். நான் காந்திபுரம் சுற்றி எடுத்துவந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். என் கல்யாண வாழ்க்கையில் முதல் முறையாகக் குரலை உயர்த்தப் பார்த்தேன்.

"எனக்கு வந்த சாமானை எனக்கே வித்துருக்கற."

"ஆமாங்க," என்றாள் புவனா, துளியும் பதறாமல். "பதினோரு ஞாயித்துக்கிழமை, காசில்லாத வேலைங்க. போனசுல எட்டாயிரம் கொறைச்சலுங்க. அப்பறம் எதைக் குடுத்துங்க வாங்குனீங்க?"

தாஜுன்னிசா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் மச்சினன் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பாஸ்வேர்டுக் கட்டத்துக்குப் பின்னால்தான், நான் சொன்னால் கேட்கிற அந்த ஒரே ஆள் இருந்தான். மானத்தை விட்டேன்.

"சரிங்க அம்மணி. நடந்தது நடந்து போச்சுங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு பிரவின் சொன்னானுங்க. அதையாவது சொல்லுங்க."

புவனா மேஜைத் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அது ஒம்பதாவது சாமானுங்க. வம்சிகிட்ட விலை கேட்டுக்கோங்க."