வில்கூரா தேவாலயத்தை இருபது எருதுகள் இழுத்த விதம்

வில்கூரா, நவம்பர் 1912, செவ்வாய் காலை

பெண்டிகோ நகரில் இருக்கும் மதிப்புக்குரிய கான்ஸ்டன்ஸ் அக்காவுக்குத் தம்பி ஹொரேஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. வரும் சனிக்கிழமை என் மகள் ஐவியின் கல்யாணத்துக்கு நீங்கள் புறப்பட வேண்டாம். கல்யாணம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரயில் பாதையை நம் ஊரைத் தொடாமல் மூன்று மைல் தள்ளிப் போட்டுவிட்டார்கள், அதனால் ஊரே கட்டடங்களைப் பெயர்த்துக்கொண்டு ரயிலடிக்குக் குடிபோகிறது என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? ரொட்டிக்கடை போயிற்று, தபாலாபீஸ் போயிற்று, என் மளிகைக்கடையும் போயிற்று. மிச்சம் தேவாலயமும் மதுவிடுதியும்தான். மாப்பிள்ளை லெஸ்லியின் அம்மா திருமதி பெங்கெல்லி, "சனிக்கிழமைக்குள்ள சர்ச்சு ரயிலடிக்கு வந்து சேரணும், சாராயக்கடை பக்கத்துல என் மகன் கல்யாணம் நடக்காது" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அறுவடை. அதை விட்டால் கோடை முடிகிறவரை கல்யாணப் பேச்சே கிடையாது. அந்த அம்மாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், தேவாலய மூப்பராகிய நான் ஒரு யோசனை சொன்னேன். என் நாக்கில் சனி இருந்திருக்கிறது. எருதுகளைப் பூட்டித் தேவாலயத்தை இழுக்கப்போகிற மாட்டுவண்டிக்காரன் க்வின்லன் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று எழுதி, போதகர் ஹாஸ்கின் முன்னிலையில் அவனிடம் கையெழுத்தும் வாங்கினேன். க்வின்லனின் வாய் உங்களுக்குத் தெரியுமே.

"ஐயா, மாட்டுக்கு வேற பாஷை தெரியாதுங்க" என்றான். "கத்துக்கொடு" என்றேன்.

போன சனிக்கிழமை காலை உருளைக் கட்டைமேல் தேவாலயத்தை ஏற்றி இருபது எருதுகளைப் பூட்டினோம். சரிவில் தானாக உருண்டு வந்து, மதுவிடுதிக்கு நேர் எதிரே, வாசலுக்கு வாசல் பார்த்து நின்றுவிட்டது. க்வின்லன் தொப்பியைக் கழற்றி, "கேப்டன் கண்ணு, கொஞ்சம் நகரு தங்கம்" என்றான். முன்னேர் எருது கேப்டன் திரும்பி, பேசுவது அவன்தானா என்று பார்த்தது. போதகர் பாடகர் குழுவைக் கூட்டிவந்து கீர்த்தனை பாடவைத்தார். நான்கு எருதுகள் படுத்துவிட்டன. மதுவிடுதியிலிருந்து வெளியே வந்தவர்கள் நாலடி வைத்ததும் தேவாலயத்துக்குள் போய்த் தூங்கினார்கள். இத்தனை கூட்டத்தை இதுவரை கண்டதில்லை என்று போதகருக்குச் சந்தோஷம் வேறு. ஞாயிறும் அப்படியே போயிற்று.

நேற்று மதியம் திருமதி பெங்கெல்லி குதிரைவண்டியில் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஐவி வந்தாள். தையற்காரி வீட்டிலிருந்து, பாதி ஊசி குத்திய கல்யாண உடையோடு, நேராகக் கேப்டனின் முகத்துக்கு எதிரே போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

அக்கா, அவள் சொன்னதை நான் எழுத முடியாது. அதில் கேப்டனின் அம்மா வந்தாள், பாட்டி வந்தாள், பிறக்காத கன்றுகள்கூட வந்தன. ஒரே மூச்சு. இருபது எருதுகளும் துள்ளி எழுந்தன. உள்ளே தூங்கிய ஐந்து பேரோடு, மணி தானாக அடிக்க, தேவாலயம் மூன்று மைலும் நிற்காமல் போய் ரயிலடியில் சேர்ந்தது. க்வின்லன் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். திருமதி பெங்கெல்லி குடையை மடக்கினார், வண்டியைத் திருப்பினார், போய்விட்டார்.

"எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நம்ம கடைலதாம்பா. ஏழு வருஷமா க்வின்லன் மூட்டை இறக்குற ஜன்னல் பக்கம் உக்காந்து சர்க்கரை நிறுக்கச் சொன்னது நீங்கதானே? காதைப் பொத்திக்கிட்டா தராசை யாரு பிடிக்கிறது?"

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. லெஸ்லிமேல் அவளுக்கு உயிர். முட்டாள்தனமாக நிபந்தனை போட்டது நான், தேவாலயத்தை நகர்த்தியது அவள், வாழ்க்கை போவதும் அவளுக்குத்தான். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எங்களுக்காக ஜெபியுங்கள்.

மானம் போன தம்பி,
ஹொரேஸ்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போனபோது திருமதி பெங்கெல்லி வந்து இறங்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் கிடக்கட்டும் சம்பந்தி. என் வீட்டுக்காரருக்கு அதட்டத் தெரியாது, மகனுக்கும் வராது. இருபது வருஷமா எங்க பண்ணை மாட்டை யாரு ஓட்டுனதுன்னு நினைச்சீங்க, சங்கீதம் படிச்சா? இப்ப என் தொண்டை போயிடுச்சு. அறுவடைக்கு முன்னாடி அவ என் வீட்டுக்கு வந்தாகணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நடுவுல ஒன்னு சொன்னாளே, அது எனக்கே புதுசு. எங்க அவ?" என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம். கடிதம் கிடைத்ததும் ரயிலேறி வந்துவிடுங்கள். மாமியாரும் மருமகளும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஐவி சிரிக்கிறாள். "இன்னும் சத்தமா சொல்லும்மா, கடைசி ஜோடி மாட்டுக்கும் கேக்கணும்ல" என்கிறார் சம்பந்தியம்மா.